கண்குழிக்குள் ரத்தநாளக் கட்டி: உடனே ஒப்பரேஷனா, பார்த்துக்கொண்டிருக்கலாமா?

கேள்வி: தோட்ட டிஸ்பென்சரி, டிக்கோயா

வணக்கம். எங்கள் டிவிஷனில் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர், வயது 46. இரண்டு வருஷமாக வலது கண் மெல்ல மெல்ல முன்னுக்கு வந்திருக்கிறது. நோவில்லை, சிவப்பில்லை. தைராய்ட் ரத்தப் பரிசோதனை சரி. எம்ஆர்ஐயில் கெவர்னஸ் ஹீமேன்ஜியோமா (ரத்தநாளக் கட்டி), 16 மில்லிமீட்டர், கண் நரம்புக்கு வெளிப்பக்கம் என்று இருக்கிறது. பார்வை 6/9 (சரியான பார்வை என்றால் 6/6). ஆறு மாதத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டார் புற்றுநோய் என்று பயந்துபோயிருக்கிறார்கள். கூடை சுமந்ததால் வந்ததா? ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டாமா? பிள்ளைகளின் ரத்தநாளக் கட்டிக்குக் கொடுக்கும் புரோப்ரனோலோல் மருந்து உதவுமா?

பதில்: கண் பிரிவு, கண்டி

முதலில் வீட்டாரிடம் சொல்லுங்கள்: இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. நடுவயதில், அதிலும் பெண்களுக்கு, கண்குழிக்குள் வரும் சாதுவான கட்டிகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறோம். இப்போது இதைக் கட்டி என்பதைவிட நாளக் குறைபாடு என்றே வகைப்படுத்துகிறார்கள். மெல்லிய உறைக்குள் பஞ்சு மாதிரி ரத்த அறைகள். ரத்தம் மிக மெதுவாகவே ஓடும். அதனால் ஸ்கேனில் மருந்து ஏற்றியதும் ஓரிடத்தில் தொடங்கி ஊறி ஊறி முழுக் கட்டியிலும் பரவும். அப்படி நிரம்பியதாக அறிக்கையில் இருந்தால் ஊசி தேவைப்படாது.

புரோப்ரனோலோல் கொடுக்க வேண்டாம். பிள்ளைகளின் கட்டியில் கலங்கள் பெருகுகின்றன, அதற்குத்தான் அந்த மருந்து. இது வேறு சாதி.

கூடை காரணமில்லை. ஆனால் குனியும்போது கண் பிதுங்கி, நிமிர்ந்ததும் உள்ளே போகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஆம் என்றால் அது விரிந்த நாளமாக இருக்கலாம். கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

பதில்: பார்வைப் பரிசோதகர், பதுளை

அந்த 6/9 ஏன் என்று முதலில் பாருங்கள். கட்டி பின்னாலிருந்து கண்ணுருண்டையை அமுக்கும்போது பிளஸ் பவர் கூடும். பிளஸ் கண்ணாடி போட்டு 6/6 வந்தால் நரம்பு பெரும்பாலும் தப்பியிருக்கிறது. வராவிட்டால் ஆறு மாதம் காத்திருக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை டிஸ்பென்சரியிலேயே செய்யக்கூடியது: சிவப்பு போத்தல் மூடி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணைப் பொத்தி மற்றதால் பார்க்கச் சொல்லுங்கள். வலது கண்ணுக்கு மட்டும் அந்தச் சிவப்பு வெளுத்து, செங்கல் நிறமாகத் தெரிந்தால் நரம்பு அமுங்குகிறது என்று எடுங்கள். எழுத்துப் பலகையில் பார்வை குறையுமுன்னே நிறம் மங்கிவிடலாம். பக்கவாட்டில் பார்க்கும்போது இருண்டு, நேரே பார்த்ததும் தெளிந்தாலும் அதே அர்த்தம்தான்.

கேள்வி கேட்டவர்

நன்றி. கட்டியை எடுப்பதென்றால் எப்படி?

பதில்: கண் பிரிவு, கண்டி

கண் எவ்வளவு பிதுங்கியிருக்கிறது என்பது மட்டும் முடிவைத் தீர்மானிக்காது. நரம்பு அமுங்கினால், இரட்டையாகத் தெரிந்தால், கண் மூடாமல் கருவிழி காய்ந்தால் எடுக்கலாம். வெளிப்பக்கம் ஆழத்தில் இருந்தால் ஓரத்து எலும்பைத் திறந்து, முன்னால் இருந்தால் இமையின் உட்தோல் வழியாக. உறையோடு முழுசாக எடுத்தால் திரும்ப வருவது அரிது. நரம்பை ஒட்டியிருந்தால் பார்வை போகும் ஆபத்து உண்டு. சம்மதக் கையெழுத்துக்கு முன் அதை விளங்கக் கேளுங்கள்.

ஒப்பரேஷன் அன்று இரவு கடும் நோவும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் உள்ளே ரத்தம் கட்டுகிறது. விடியும்வரை பொறுக்காமல் நர்ஸை அழைக்க வேண்டும். கொஞ்ச நாளைக்கு மூக்கு சிந்தவும் கூடாது, பாரம் தூக்கவும் கூடாது. எப்போது கொழுந்து எடுக்க மலைக்கு ஏறலாம் என்பதை டயக்னோசிஸ் கார்டில் (ஆஸ்பத்திரியில் தரும் நோய் விவர அட்டை) எழுதி வாங்குங்கள், தோட்ட ஆபீஸில் அதைத்தான் கேட்பார்கள்.