கோயில் முற்றம் – உங்க ஊர்ல எப்படி?

எங்க கரையில சர்ச்னு யாரும் சொல்றதில்ல, கோயில்தான். கன்னியாகுமரி மாவட்டத்துல தூத்தூர் பக்கம் நான், தமிழ்நாடுன்னாலும் எங்க பங்கு திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டம், அதனால சாமியார அச்சன்னுதான் கூப்பிடுவோம். சின்ன வயசுல சாவுச் செய்தி, கடல் எச்சரிக்கை எல்லாமே கோயில் மைக்லதான் வரும், சாயங்காலம் ஆம்பளைங்க முற்றத்துலதான் இருப்பாங்க, சண்டை தீர்க்கிறதும் அங்கதான். இப்ப எல்லாம் வாட்ஸ்அப்ல வந்துருது, கல்யாணத்துக்குக் கூட டவுன் மண்டபம்தான், பூசை முடிஞ்சா அஞ்சு நிமிஷத்துல முற்றம் காலி. இனி கோயில் பூசைக்கு மட்டும்தான் போலன்னு 2017 வரைக்கும் நானும் நினைச்சேன்.

அந்த வருஷம் நவம்பர் 30ல ஒக்கி புயல் அடிச்சுது. எங்க ஆளுங்க தங்கல், அதாவது கடல்லயே தங்கி மீன் பிடிக்கப் போனா ஒரு மாசத்துக்கு மேல ஆழ்கடல்லதான், வயர்லெஸ்ல கூப்பிட்டா யாரும் எடுக்கல. யாரும் சொல்லாமலே ஊர் முழுக்க கோயிலுக்கு வந்துருச்சு, திருநாளுக்கு வாங்கின பிளாஸ்டிக் சேர இழுத்துப் போட்டு ராத்திரி எல்லாம் அங்கயே கிடந்தோம். மறைக்கல்வி நோட்டு ஒண்ணுல போட் பேரு, ஆள் பேருன்னு எழுத ஆரம்பிச்சாங்க. லட்சத்தீவுல கரை ஏறிட்டாங்க, மகாராஷ்டிராவுல ஏறிட்டாங்கன்னு போன் வர வர சிவப்புப் பேனாவால ஒரு டிக். எங்க சித்தப்பா பேருக்கு ஆறாம் நாள்தான் டிக் விழுந்துச்சு. பக்கத்துல இருந்த அக்கா என் கையப் பிடிச்சு அழுதுச்சு, அது வீட்டுக்காரர் பேருக்கு டிக் விழவே இல்ல. காணாமப் போனவங்களத் தேடச் சொல்லி டிசம்பர் 7 குழித்துறை ஸ்டேஷன்ல ஆயிரக்கணக்குல தண்டவாளத்துல உட்கார்ந்தோமே, எங்க ஊர்ல இருந்து அதுக்குக் கிளம்பினதும் அந்த முற்றத்துல இருந்துதான்.

–––

அக்கா, உங்க பதிவைப் படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு. நான் இடிந்தகரை, கூடங்குளம் அணுஉலை எதிர்ப்புப் போராட்டம் 2011ல பெருசானப்ப லூர்து மாதா கோயில் முன்னாடிதான் பந்தல், எங்கம்மா தெனமும் பீடித்தட்ட மடியில வச்சு சுத்திக்கிட்டே அங்க உட்கார்ந்திருக்கும், ஸ்கூல் விட்டா நான் வீட்டுக்குப் போகாம நேரா பந்தலுக்குத்தான் போவேன், ஹோம்வொர்க்கும் அங்கதான். பூசைக்குப் போகாத மத்த மதத்துக்காரங்களும் வந்து அம்மா கூட உட்காருவாங்க, யாரும் வேத்தாளா நினைச்சதில்ல. இப்ப நான் சென்னையில, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சா பக்கத்துல நின்னவங்க பேரு கூடத் தெரியாமதான் ரூமுக்குத் திரும்புறேன்.