பேச்சு தாமதமான பையனை ஒன்றாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது?

காவிரிக்கரை அம்மா:
மகனுக்கு ஜூனில் ஆறு வயது. சொல்வதெல்லாம் புரிகிறது, அலமாரி மேல்தட்டில் இருக்கும் நீல டப்பாவை எடுத்து வா என்றால் சரியாக எடுத்து வருவான், ஆனால் பேச்சு இரண்டு மூன்று வார்த்தையைத் தாண்டாது. க வராது, எல்லாம் த தான். காக்கா அவன் வாயில் தாத்தா ஆகிவிடும், மாமனார் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்ப்பார். பெரா டெஸ்டில் காது நன்றாக இருக்கிறது என்றார்கள். எட்டு மாதமாக வாரம் இரண்டு நாள் ஸ்பீச் தெரபி போகிறோம்.

பெரிய சிபிஎஸ்இ பள்ளி ஒன்றில் இன்டர்வியூ என்று உட்கார வைத்துப் பெயர் கேட்டார்கள், வாயே திறக்கவில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். மீதி இருப்பது வீட்டுப் பக்கத்து மெட்ரிக் பள்ளி (வகுப்பில் 38 பேர், ஆங்கில வழி), இல்லையென்றால் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி (14 பேர், தமிழ் வழி). மாமியார் அரசுப் பள்ளியா என்று முகம் சுளிக்கிறார். யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள்.

வைகை:
என் பெண்ணும் இப்படித்தான், இப்போது நான்காம் வகுப்பு. நாங்கள் செய்த தப்பு, அட்மிஷனில் விஷயத்தை மறைத்தது. கூச்ச சுபாவம் என்று சொல்லிச் சேர்த்தோம். ரைம்ஸ் ஒப்பிக்கவில்லை, ஓரலில் பதில் சொல்லவில்லை என்று டைரியில் தினம் ஒரு வரி வரும், பாவம் அந்த டீச்சருக்கும் இவள் அடம் பிடிக்கிறாளா முடியவில்லையா என்று தெரியாது. அடுத்த வருடம் வேறு பள்ளியில் சேர்க்கும்போது தெரபிஸ்ட் கொடுத்த ரிப்போர்ட்டை முதல் நாளே மேஜையில் வைத்தோம். ஓரலுக்குப் பதில் படத்தைக் காட்டித் தொடச் சொன்னார்கள், அவ்வளவுதான், மார்க் வந்தது. அதனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், வாய்மொழித் தேர்வில் இவனை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

சும்மா ஒருவன்:
எதற்கு இவ்வளவு பயம்? ஆண் பிள்ளைகள் லேட்டாகத்தான் பேசுவார்கள், பள்ளிக்குப் போனால் தானாக வந்துவிடும். வீட்டில் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசிக் குழப்பாமல் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்.

பேச்சுப் பயிற்சி:
நான் ஸ்பீச் தெரபிஸ்ட். மேலே சொன்னதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை, தாமதம் இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். அவனுக்குப் புரிதல் எல்லாம் தமிழில் இருக்கும்போது அதைப் பிடுங்கிவிட்டால் கையில் இருப்பதும் போகும். ழ, ற இந்த வயதில் தடுமாறினால் பரவாயில்லை, க இன்னும் த ஆக வருவதை விடக் கூடாது, எழுதும்போதும் க, த மாறலாம்.

வகுப்பைப் போய்ப் பாருங்கள். குழந்தை தப்பாகச் சொன்னால் "சரியாச் சொல்லு, மறுபடி சொல்லு" என்று நிறுத்துகிறாரா, இல்லை சரியான சொல்லைத் தானே போட்டுப் பேச்சைத் தொடர்கிறாரா என்பதைக் கவனியுங்கள். கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதையும். சளி பிடித்தால் காதுக்குள் நீர் கோத்துக் கொஞ்ச நாள் மந்தமாகக் கேட்கலாம், முன் வரிசை கேளுங்கள். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால், அரசு மருத்துவமனையோடு இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் (DEIC) 18 வயது வரை இலவசம்.

ஒன்றிய டீச்சர்:
சகோதரி, அந்த இன்டர்வியூவே சட்டப்படி தவறு. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 13, குழந்தையைச் சோதித்து வடிகட்டக் கூடாது, முதல் தடவைக்கே 25,000 ரூபாய் வரை அபராதம். சண்டை போட்டு அங்கேயே சேர்ப்பதா என்பது உங்கள் இஷ்டம், நானாக இருந்தால் போக மாட்டேன்.

எங்கள் பக்கம், அரசுப் பள்ளிகளில், 2022 முதல் சின்ன வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் நடக்கிறது. பாட்டு, பொம்மலாட்டம், அட்டைகள், அப்புறம் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்து, குழந்தை இருக்கும் நிலையிலிருந்து ஆரம்பிப்போம், பேச்சு குறைந்த பிள்ளைக்கு இது நல்லது. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் உண்டு, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஒன்றை மறைக்கக் கூடாது: பல ஒன்றியப் பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கும் இரண்டே ஆசிரியர்கள்தான். 14 பேர் என்றால் அந்த அறையில் 14 பேர்தானா, இரண்டாம் வகுப்பும் அங்கேயேவா?

காவிரிக்கரை அம்மா:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒன்றியப் பள்ளிக்குப் போனோம். ஒன்றிய டீச்சர் இங்கே சந்தேகப்பட்டது சரி, ஒன்றும் இரண்டும் ஒரே அறை, மொத்தம் 25 பேர். அந்த வகுப்பு டீச்சர் இவனிடம் எதுவும் கேட்கவில்லை, சாக்பீஸ் கொடுத்துத் தரையில் கிறுக்க விட்டார். பத்து நிமிடம் கழித்து இவனாகவே வேப்பமரத்தைக் காட்டி "தாத்தா" என்றான். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஆமா, காக்கா. ரெண்டு காக்கா" என்றார். சிறப்பாசிரியர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவாராம், அது போதுமா? மெட்ரிக் பள்ளியில் அந்த ஓரல் கேள்வியை வியாழக்கிழமை கேட்கப் போகிறேன். மாமியாரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.