காரங்காடு அலையாத்திக் காடு: அம்மாவை அழைத்துப் போகலாமா?

மதுரை செல்லூரில் இருக்கிறோம். ஞாயிறு அன்று அம்மா, இரண்டு வாண்டுகளோடு ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் இருக்கும் காரங்காடு போக ஆசை. சாப்பாடு கட்டிக்கொண்டு போக வேண்டுமா?

பதில்: தை மாதம் போனோம் அண்ணே. விடியும் முன் மாட்டுத்தாவணியில் ராமநாதபுரம் பஸ் பிடியுங்கள், அப்புறம் தொண்டி பஸ். வெயில் ஏறினால் பறவைகள் ஒதுங்கிவிடும். காட்டுக்குள் கூட்டிப்போன படகுக்காரர் உள்ளூர் மீனவர். அலையாத்தி வேர்கள் சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாய் நீட்டி மூச்சு விடுவதை அவர் காட்டித்தான் பார்த்தேன். இறால் குஞ்சுகள் அங்கேதான் வளர்கின்றன. அதனால் காட்டுக்குக் காவலே அந்த மீனவர்கள்தான். சாப்பாடு வேண்டாம், ஊர்ப் பெண்கள் சமைக்கும் நண்டு சூப்பை விடாதீர்கள்.

இன்னொரு பதில்: பஸ் பயணம் அம்மாவுக்கு ஒத்துவராது என்றால் மேலூர் பக்கம் அரிட்டாபட்டி கிராமம் இருக்கிறதே! 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். கடல்தான் இல்லை.

கேட்டவர்: நண்டு சூப் என்றதுமே அம்மா பையைக் கட்டிவிட்டார்.