மறு: பிரிட்டனின் 1840 அஞ்சல் சீர்திருத்தத்துக்குக் கலைச்சொல்

> 'பென்னி அஞ்சல்' போதுமே. இல்லையென்றால் 'சமகட்டணம்' என்று வைக்கலாம். இரண்டும் எளிது.

ஐயா, வணக்கம்.

எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. இலண்டன் நகருக்குள் ஒரு பென்னிக்குக் கடிதம் சேர்க்கும் சேவையை வில்லியம் டாக்ரா 1680-லேயே தொடங்கிவிட்டார். 1840-இன் புதுமை ஒரு பென்னி என்ற தொகையில் இல்லை. நாட்டின் எந்த மூலைக்கும் அதே தொகை என்பதில்தான் இருக்கிறது.

அதற்கு முன் தாள் எத்தனை, தூரம் எத்தனை மைல் என்று கணக்கிட்டு, பெரும்பாலும் கடிதம் பெறுபவரிடம்தான் காசு வாங்கினார்கள். பிழைக்கப் போன மகனின் கடிதம் வாசலுக்கே வந்தும் வாங்கிப் படிக்க வழியில்லாத வீடுகள் இருந்தன. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கோ இலவசம்! இந்த அநீதியை, சீர்திருத்தத்தை முன்மொழிந்த ரோலண்டு ஹில் கணக்குப் போட்டே உடைத்தார். இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்லும் செலவு ஒரு பென்னியில் 36-இல் ஒரு பங்குதான் என்று 1837-இல் வெளியிட்ட சிறுநூலில் காட்டினார். ஒவ்வொரு கடிதத்துக்கும் கட்டணம் கணிப்பதும், வீடு வீடாக நின்று வசூலிப்பதும்தான் பணத்தைத் தின்றன. அப்படியானால் தூரத்துக்கு ஏன் காசு? 1840 ஜனவரி 10 முதல் அரை அவுன்ஸ் வரை ஒரு பென்னி என்றானது. மே மாதம் தபால்தலையும் வந்தது.

எடை கூடினால் கட்டணமும் கூடியது. அதனால் 'சமகட்டணம்' பொருந்தாது. கணக்கிலிருந்து விலகியது தூரம்தான். என் பரிந்துரை: தொலைவு சாராக் கட்டணம். இந்தியாவில் 1854-இல் கால் தோலா எடைக்கு அரையணா என்று வந்த ஏற்பாட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். அங்கே போய்ப் 'பென்னி' என்று எழுத முடியாதல்லவா?

---

அம்மா, டாக்ராவைச் சொன்னதும் 'பென்னி அஞ்சலை' விட்டுவிட்டேன். 'தொலைவு சாராக் கட்டணம்' இருக்கட்டும். அனுப்புபவரே முதலில் செலுத்துவதற்கு 'முன்பணம்' என்று நம் கலைச்சொல் பட்டியலில் இருக்கிறது. அது வாடகை அட்வான்ஸ் போல ஒலிக்கிறது. 'முன்கட்டணம்' என்று மாற்றலாமா?

---

மாற்றலாம் ஐயா. ஹில்லின் திட்டத்துக்கு அதுதான் உயிர். முன்கட்டணம் செலுத்தாத கடிதத்துக்கு இரு மடங்கு வாங்கினார்கள். அந்த வகைக் கடிதத்துக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். ஊரில் எல்லோரும் 'பேரிங் தபால்' என்றுதான் சொல்கிறோம். அதையே பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.