போதகர் மகளைப் பற்றி நாவல் எழுதிவிட்டேன், இனி நான் ‘கிறிஸ்தவ எழுத்தாளர்’தானா?

தெம்பனிஸ்_எழுத்து:
வணக்கம். பல வருஷமாக இங்கே சிங்கப்பூரில் எங்கள் சபை மாத இதழில் சிறுகதை எழுதி வருகிறேன். குடிகாரக் கணவன், விடாமல் ஜெபிக்கிற மனைவி, கடைசிப் பத்தியில் மனந்திரும்புதல், பெரும்பாலும் இதே தடம்தான். இளக்காரமாகச் சொல்லவில்லை, அதைப் படித்துவிட்டு ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அம்மாக்கள் உண்டு. ஆனால் இப்போது முடித்திருக்கும் நாவல் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு போதகரின் மகள், அப்பா இறந்த பிறகு கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிடுகிறாள், கடைசி அத்தியாயத்திலும் திரும்பி வருவதில்லை. நான் விசுவாசத்தை விடவில்லை, ஞாயிறு பள்ளியில் இன்னும் பாடம் எடுக்கிறேன். எழுதுகிற கைதான் வேறு எங்கோ இழுக்கிறது.

இதில் சிக்கல் என்னவென்றால் அடுத்த வருஷம் இரண்டு புத்தகம் வருகிறது. பழைய கதைகளைத் தொகுத்து நானே போடுகிறேன், சபை நண்பர்கள் செலவில் பங்கு தருகிறார்கள். நாவலைச் சென்னைப் பதிப்பகம் ஒன்று எடுத்திருக்கிறது. அவர்கள் பின்னட்டைக்கு வரிகள் கேட்கிறார்கள், ‘கிறிஸ்தவ நாவல்’ என்று போடலாமா என்றும் கேட்கிறார்கள். போட்டால் மற்றவர்கள் தொடமாட்டார்கள், போடாவிட்டால் சபையில் ஒளிக்கிறாள் என்பார்கள். நாவலுக்கு மட்டும் புனைபெயர் வைத்துக்கொள்ளலாமா? இரண்டையும் ஒரே மேடையில் வெளியிடலாமா?

தேக்கா_வாசகன்:
புனைபெயர் யோசனையை முதலில் விடுங்கள் சிஸ்டர். இங்கே தமிழ்ப் புத்தகம் வாங்குகிற கூட்டம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், வெளியீட்டில் வடை வருவதற்குள் யார் எழுதியது என்று அரங்கம் முழுக்கப் பரவிவிடும். தமிழின் முதல் நாவலை 1879-இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், முன்சீபாக இருந்தவர், சமயக் கீர்த்தனைகளும் எழுதியவர். எல்லாம் ஒரே பெயரில்தான். அவர் நாவலை யாரும் கிறிஸ்தவ நாவல் என்று தனி அலமாரியில் வைப்பதில்லை.

பின்னட்டையில் எந்த முத்திரையும் வேண்டாம். ‘ஆன்மாவின் உருக்கமான தேடல்’ மாதிரி வரியும் வேண்டாம், அதைப் பார்த்தாலே நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவேன். நீங்கள் முன்பு இங்கே பகிர்ந்த பகுதி ஞாபகம் இருக்கிறது. சலவைக்கடையில் கிடக்கும் அப்பாவின் வெள்ளை அங்கியை வாங்கப் போகிறாள், ரசீது இல்லை, சீன ஆன்ட்டி ஒன்றும் கேட்காமல் பிளாஸ்டிக் உறையோடு எடுத்து நீட்டுகிறார், இவள் காசு கொடுத்துவிட்டு அதைக் கையில் பிடித்தபடி பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே போகிறாள். அதை நாலு வரியாக்கிப் போடுங்கள். போதகர் வீட்டுக் கதை என்று அங்கியே சொல்லிவிடும். நான் இந்து, அந்தப் பகுதியைப் படித்துவிட்டுத்தான் உங்கள் நாவலுக்காகக் காத்திருக்கிறேன்.

வடிவமைப்பு_மேசை:
அடையாளக் கேள்வி எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை, வேலையைப் பற்றிச் சொல்கிறேன். தொகுப்புக்கு நீங்கள்தான் பதிப்பாளர் என்பதால் ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணைத் தேசிய நூலக வாரியத்திடம் வாங்க வேண்டும், காசு கிடையாது. வெளியான நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதிகளை அங்கேயே ஒப்படைப்பது சட்டப்படி கட்டாயம், வெளியீட்டு அலைச்சலில் பலருக்கு இது விட்டுப்போகும். நாவலுக்குச் சென்னைக்காரர்களே இந்திய எண் வாங்கிவிடுவார்கள். தேசியக் கலை மன்ற நிதி கேட்பதாக இருந்தால் அச்சுக்குப் போவதற்கு வெகு முன்பே விண்ணப்பியுங்கள், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு போய்க் கேட்காதீர்கள்.

அப்புறம் தேதி. ஏப்ரல் தமிழ்மொழி விழா மாதம், வாரயிறுதிகளில் நாற்காலிக்கு ஆள் பிடிப்பதே பாடு. லெந்து என்கிற நோன்புக் காலமும் ஈஸ்டரும் அதை ஒட்டித்தான் வரும், டிசம்பரில் உங்கள் ஆட்கள் கேரல் ரவுண்டில் இருப்பார்கள். ஜூலை, ஆகஸ்ட் பாருங்கள். சென்னையிலிருந்து கப்பலில் வருகிறதென்றால் பெட்டி கைக்கு வந்த பிறகு அழைப்பிதழ் அடியுங்கள்.

அந்தோணியார்_பேத்தி:
தேக்கா அண்ணன் சொன்னதில் பாதிக்கு ஒத்துப்போகிறேன். நாவலில் முத்திரை வேண்டாம், சரி. ஆனால் தொகுப்பில் ‘கிறிஸ்தவச் சிறுகதைகள்’ என்று தைரியமாகப் போடுங்கள், அக்கா. அந்த அம்மாக்கள் அதைத் தேடித்தான் வாங்குவார்கள், நாத்தனாருக்குப் பரிசாகக் கொடுக்க இன்னொன்றும் எடுத்துப்போவார்கள். இலக்கியம் எழுத வந்துவிட்டோம் என்று அவர்களை இரண்டாம் வரிசைக்குத் தள்ளக் கூடாது.

ஒரே மேடை வேண்டவே வேண்டாம். வாழ்த்துரை சொல்ல வருகிறவர் இரண்டையும் முடிச்சுப்போட்டு ‘இந்த மகளும் ஒருநாள் ஆண்டவரிடம் திரும்புவாள்’ என்று முடித்து வைப்பார், உங்கள் கடைசி அத்தியாயம் அங்கேயே போச்சு. தொகுப்பு சபை மண்டபத்தில், ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு, பீஹூன் நூடுல்ஸோடு. நாவல் நூலகத்திலோ உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்திலோ, கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் அறிமுகம் செய்யட்டும்.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை. உங்கள் போதகரிடம் கையெழுத்துப் பிரதியை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அனுமதிக்காக இல்லை. தமிழ் சபைகள் சின்ன உலகம், கதையில் வருகிற போதகர் யார், மகள் யார் என்று மறுநாளே விசாரணை தொடங்கிவிடும், அவருக்கும் ஒரு மகள் இருந்தால் பாவம் அந்தப் பிள்ளை. வெளியாள் வாயால் அவர் முதலில் கேள்விப்படக் கூடாது.

தெம்பனிஸ்_எழுத்து:
எல்லாருக்கும் நன்றி. புனைபெயர் இல்லை, முடிவு செய்துவிட்டேன். அங்கி வரிகளைப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன், முத்திரையும் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். போதகருக்கு இரண்டு மகள்கள். நாவல் இருக்கிறது என்றதுமே ‘நம்ம தொகுப்போடு சேர்த்து வெளியிட்டுடலாமே’ என்றார், உள்ளே என்ன இருக்கிறது என்று இன்னும் சொல்லவில்லை. இந்த வாரம் பிரதியைக் கொடுக்கிறேன். அவர் மாற்றச் சொன்னால் முடிவை மாற்றமாட்டேன், அது மட்டும் தெளிவு. தொகுப்புக்கு அவர் முன்னுரை தர மறுத்தால் முன்னுரை இல்லாமல் வரட்டும்.

ஒரு சந்தேகம், நாவல் வெளியீட்டில் ஆரம்ப ஜெபம் வைக்கலாமா? அம்மா கேட்கிறார்.

தேக்கா_வாசகன்:
தமிழ்த்தாய் வாழ்த்து போதும். அம்மா விருப்பப்பட்டால் புத்தகப் பெட்டியைப் பிரிக்கும்போது வீட்டில் ஜெபிக்கட்டும். அறிமுக உரைக்கு ஆள் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், நான் பேசுகிறேன், ஆனால் பிடிஎஃப் வேண்டாம், அச்சுப் பிரதி வேண்டும்.