சனிக்கிழமைத் தூண்டில் பயணம்: குடும்பக் குழு உரையாடல்

புதன்கிழமை, இரவு 7.05

சித்தப்பா: வருகிற சனிக்கிழமை விடியற்காலையில் எல்லோரும் கரைத் தூண்டிலுக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். மூன்று வானிலைச் செயலிகளில் பார்த்துவிட்டேன். மூன்றுமே அலை 1.2 மீட்டர், காற்று 8 நாட் என்றுதான் காட்டுகின்றன. வருகிறவர்கள் இன்றே சொல்லிவிடுங்கள்.

மாமா: நான் வருகிறேன். வண்டியையும் நானே எடுத்து வருகிறேன்.

நான்: நானும் உண்டு. அந்தப் பன்னிரண்டடி தூண்டில் ராடு இப்போது யாரிடம் இருக்கிறது?

சித்தப்பா: அது பெரிய அண்ணன் வீட்டில்தான் இருக்கிறது.

பெரியப்பா: என் வீட்டில் இல்லை என்று போன முறையே சொல்லிவிட்டேன். அது இருக்கட்டும். நாளை வெள்ளுவா, அதாவது பௌர்ணமி. வெள்ளுவா கழிந்த இரண்டாம் நாள் நீர் வேகமாக ஓடும், அன்று தூண்டிலில் கட்டிய ஈயம் ஓரிடத்தில் நிற்காது. இதற்கெல்லாம் செயலி எதற்கு? வானத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அத்தை: அண்ணா சொல்வது சரி. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் ஏற்றவற்றம் உச்சத்தைத் தொடும் என்று கடல் ஏறி வற்றும் நேரத்தைத் தரும் ஓத அட்டவணையும் காட்டுகிறது. தம்பி, நீ பார்த்த மூன்று செயலிகளிலும் அடியில் சிறிய எழுத்தில் கணிப்பு மாதிரியின் பெயர் இருக்கும், அதாவது வானிலையைக் கணக்கிட்டுத் தரும் கணினி முறையின் பெயர். அதைப் படித்துச் சொல்.

சித்தப்பா: மூன்றிலும் ஜிஎஃப்எஸ் என்று போட்டிருக்கிறது.

அத்தை: அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஜிஎஃப்எஸ் என்பது அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவா ஒரு நாளைக்கு நான்கு முறை கணக்கிட்டு, உலகில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக வெளியிடும் கணிப்பு. இலவசமாகக் கிடைப்பதால் பல செயலிகள் அதையே எடுத்துத் தங்கள் வண்ணத்தைப் பூசித் தருகின்றன. ஆகவே உனக்கு மூன்று பேர் சாட்சி சொல்லவில்லை. ஒரே ஆள் மூன்று சட்டை மாற்றிக்கொண்டு வந்து சொல்லியிருக்கிறார். செயலியோடு செயலியை ஒப்பிடுவதில் பயனில்லை, மாதிரியோடு மாதிரியை ஒப்பிட வேண்டும். விண்டி செயலியில் ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் இசிஎம்டபிள்யூஎஃப் கணிப்பையும் ஜிஎஃப்எஸ்ஸையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். நான் இப்போதுதான் பார்த்தேன். தூரத்திலிருந்து வரும் நெடிய அலை வெள்ளி இரவே வந்துவிடும் என்கிறது ஐரோப்பியக் கணிப்பு. சனி நண்பகலுக்குப் பிறகுதான் வரும் என்கிறது அமெரிக்கக் கணிப்பு. நாம் கரையில் நிற்கப்போகும் நேரம் சரியாக இவை இரண்டுக்கும் நடுவில் விழுகிறது.

அம்மா: குழந்தைகளை அழைத்துக்கொண்டு வரலாமா, கூடாதா? எனக்கு அதை மட்டும் சொல்லுங்கள்.

சித்தப்பா: தாராளமாக அழைத்து வாருங்கள் அண்ணி. போன முறை அலை 1.5 மீட்டர் இருந்தது, அப்போதே ஒன்றும் ஆகவில்லை. இந்த முறை 1.2 தான்.

அத்தை: அண்ணி, தயவுசெய்து இன்னும் முடிவு செய்யாதீர்கள். தம்பி உயரத்தை மட்டும் பார்க்கிறான். அதன் பக்கத்தில் விநாடிக் கணக்கில் ஓர் எண் இருக்கிறது, அதுதான் அலைக்காலம். போன முறை 1.5 மீட்டர் அலை 6 விநாடிக்கு ஒன்றாக வந்தது. அது பக்கத்துக் காற்று கிளப்பிவிட்ட சிற்றலை. இந்த முறை 1.2 மீட்டர் அலை 14 விநாடிக்கு ஒன்றாக வரப்போகிறது. அலையின் விசை உயரத்தின் வர்க்கத்தையும் அலைக்காலத்தையும் பெருக்கினால் வருகிற அளவுக்கு ஏற்றபடி கூடும். 1.5ஐ 1.5ஆல் பெருக்கி 6ஆல் பெருக்கினால் 13.5, 1.2ஐ 1.2ஆல் பெருக்கி 14ஆல் பெருக்கினால் 20க்குச் சற்று மேல். உயரம் குறைந்த அலைதான் ஒன்றரை மடங்கு விசையோடு வருகிறது. போதாததற்கு, 6 விநாடி அலை ஏறக்குறைய 28 மீட்டர் ஆழத்துக்கு வந்த பிறகே தரையை உணரத் தொடங்கும், 14 விநாடி அலையோ 150 மீட்டர் ஆழத்திலேயே உணரத் தொடங்கிவிடும். அதனால் அது கரையை நெருங்க நெருங்க நிமிர்ந்து எழும், செயலி சொன்ன 1.2ஐக் கரையில் தாண்டிவிடும்.

மாமா: எனக்கு முதல் வரியே போதும், புரிந்துவிட்டது.

அத்தை: உங்களுக்குப் புரிந்திருக்கும், ஆனால் அண்ணி குழந்தைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார், ஆகவே முழுவதையும் சொல்லிவிடுகிறேன். செயலி காட்டும் அலை உயரம் எல்லா அலைகளின் சராசரி அன்று. அவற்றில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி மட்டுமே. சில மணி நேரம் நின்றால் அதைப் போல் இரு மடங்கு வரை உயர்ந்த அலை ஒன்று வந்தே தீரும் என்று எதிர்பார்க்க வேண்டும். நெடிய அலைகள் கூட்டமாக வரும். ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பல நிமிடங்கள் கடல் சாதுவாகக் கிடக்கும். அந்த அமைதியைப் பார்த்து முழங்கால் ஆழம் வரை இறங்கி நிற்பவரைத்தான் அடுத்த கூட்டம் சாய்த்துவிடுகிறது. எந்தச் செயலி என்ன சொன்னாலும், கரையில் இறங்கியதும் இருபது நிமிடம் ராடைத் தொடாமல் அலையைப் பார்த்துவிட்டுத்தான் இரை கோக்க வேண்டும்.

பெரியப்பா: இதைத்தான் நம் தாத்தா சொல்வார். கடலுக்கு முதுகைக் காட்டாதே என்பார்.

சித்தப்பா: என் செயலியில் சனிக்கிழமை காலைக்கு மீன் கடிக்கும் வாய்ப்பு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் என்று போட்டிருக்கிறது அக்கா. அதை ஏன் பார்க்கக் கூடாது?

அத்தை: அந்த நட்சத்திரங்கள் நிலா தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் வருகிற நேரத்தை வைத்துப் போடப்படுபவை. ஜான் ஆல்டன் நைட் என்கிற அமெரிக்கர் 1926இல் தொடங்கிவைத்த முறை அது. அந்த மதிப்பெண்ணில் சனிக்கிழமையின் அலையும் இல்லை, காற்றும் இல்லை, கலங்கலும் இல்லை. அதைக் கொண்டு நான் நாள் குறிக்க மாட்டேன்.

பெரியப்பா: நிலாவைப் பார்த்து நாள் குறித்தே நான் கூடை நிறையக் கொண்டுவந்திருக்கிறேன்.

அத்தை: மறுக்கவில்லை அண்ணா. நிலா நீரை ஓட்டுகிறது, ஓடும் நீர் இரையைக் கிளப்புகிறது, மீன் அதைத் தேடிக் கரைக்கு வருகிறது. ஓத அட்டவணை அந்தக் கணக்கையேதான் மணி நேரமாகத் தருகிறது. சனிக்கிழமை உச்ச ஏற்றம் காலை 6.10க்கு. ஏற்றம் நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் பிந்தும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஏறக்குறைய 7 மணிக்கு. அட்டவணையை எடுப்பவர்கள் அது உள்ளூர் நேரமா, உலகப் பொது நேரமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தின் நடு இரண்டு மணி நேரத்தில்தான் மொத்த உயர்வில் பாதி நடந்துவிடும், நீர் அப்போதுதான் வேகமாக ஓடும். எனவே 2 மணியிலிருந்து 4 மணி வரை ஓட்டம் கடுமையாக இருக்கும், 4 மணிக்குப் பிறகு தளரும். நான் நாலரைக்குக் கரையில் இருக்க விரும்புகிறேன்.

மாமா: நாலரை மணிக்குக் கரை என்றால் மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும்.

அம்மா: அந்த நேரத்துக்குக் குழந்தைகள் எழுந்திருக்க மாட்டார்கள்.

நான்: அத்தை, காற்றைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே.

அத்தை: காற்றில் கவலை குறைவு. விடியலில் மேற்கிலிருந்து 8 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். நம் கரை கிழக்கு நோக்கியது என்பதால் அது முதுகுப் பக்கத்திலிருந்து வரும், வீச்சுக்குத் துணை செய்யும். தரை சூடேறிய பிறகு, பத்து மணி வாக்கில் கடற்காற்று திரும்பி 15 நாட் வரை போகும் என்று இருக்கிறது. அதன் பிறகு நீர் கலங்கும், பாசி தூண்டில் நரம்பில் சுற்றும், நாமும் கிளம்பிவிடலாம். ஆனால் அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வருகிறது. சாய்ந்து வரும் அலை கரையோரமாக வடக்கு நோக்கி ஒரு நீரோட்டத்தை உண்டாக்கும், நரம்பு வில்லாக வளைந்து பக்கத்தில் இருப்பவருடைய நரம்பில் போய்ச் சிக்கும். உருண்டை ஈயம் உதவாது. மணலில் ஊன்றி நிற்கிற, கம்பிக் கால் வைத்த ஈயத்தைக் கொண்டுவாருங்கள்.

சித்தப்பா: அந்த ஈயங்கள் எல்லாம் பன்னிரண்டடி ராடு இருந்த பையில்தான் இருந்தன.

பெரியப்பா: நான் எடுக்கவில்லை என்று எத்தனை முறை எழுத வேண்டும்?

மாமா: பரண் மேல் ஒரு நீளமான பை கிடப்பதைப் பார்த்த நினைவு இருக்கிறது. நாளை ஏறிப் பார்த்துச் சொல்கிறேன்.

அத்தை: பரண் நம் வீட்டுப் பரணா?

மாமா: ஆமாம்.

பெரியப்பா: பார்த்துவிட்டுக் குழுவிலேயே எழுதுங்கள் மாப்பிள்ளை, எல்லோரும் படிக்கட்டும்.

சித்தப்பா: சரி அக்கா, இவ்வளவு சொன்னீர்களே, சனியா ஞாயிறா? ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது.

அத்தை: இன்று சொல்ல முடியாது. ஓதம் வானியல் கணக்கு, அதை ஆண்டுக்கணக்கில் முன்கூட்டிச் சொல்லலாம். காற்றும் அலையும் அப்படியல்ல. வெள்ளி மாலை ஒரே ஒரு விஷயத்தைப் பார்ப்போம். தொலைதூரப் புயலிலிருந்து கிளம்பும் அலைகளில் அலைக்காலம் நீண்டவையே வேகமாகப் பயணம் செய்து முதலில் வந்து சேரும், அவை வரும்போது உயரம் அரை மீட்டருக்கும் குறைவாகத்தான் இருக்கும். வெள்ளி மாலை உயரம் கூடாமலே இருந்து, அலைக்காலம் மட்டும் 7, 8 விநாடியிலிருந்து 14, 15க்குத் தாவியிருந்தால் ஐரோப்பியக் கணிப்பு வென்றது என்று பொருள், சனிக்கிழமையை விட்டுவிடலாம். பக்கத்தில் ஏதாவது அலை அளக்கும் மிதவை இருந்தால் அதன் அளவையே நம்புவேன், ஏனென்றால் அது கணிப்பு அன்று, நடந்தது. தாவவில்லை என்றால் சனிக்கிழமை நாலரைக்குப் போய் எட்டு மணிக்குத் திரும்பிவிடலாம், அதுவும் பெரியவர்கள் மட்டும்.

நான்: மழை, இடி?

அத்தை: இப்போதைக்கு இல்லை. ஆனால் ராடு கார்பன் இழையால் ஆனது, அதில் மின்சாரம் பாயும். முதல் இடி காதில் விழுந்ததுமே ராடைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குள் ஏறிவிட வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும் வரை வெளியே வரக் கூடாது. இதில் பேச்சுக்கு இடமில்லை.

பெரியப்பா: நாளை காலை பதினொன்றுக்குச் சற்று முன் நீர் நன்றாக வற்றும். நான் போய்ப் பள்ளம் எங்கே விழுந்திருக்கிறது, மணல் திட்டு எங்கே உடைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன். அதைச் செயலி சொல்லுமா?

அத்தை: சொல்லாது அண்ணா. அந்தக் கணிப்புகளில் ஒரு கட்டமே 9 முதல் 13 கிலோமீட்டர் அகலம் உடையது, நம் மணல் திட்டு அதில் ஒரு புள்ளியாகக்கூட வராது. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தாலும் அது பழைய படம். நேற்றைய அலை மணலை மாற்றியிருக்கும். நீங்கள் போவதுதான் சரி. திட்டு உடைந்த இடங்களில் அலை உடையாமல் நீர் கருத்துத் தெரிந்தால், அது கடலுக்குள் இழுக்கும் ஓட்டமாக இருக்கலாம். அந்த இடங்களைப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள்.

பெரியப்பா: படம் போடுகிறேன். கூட யாராவது வந்தால் நல்லது.

நான்: நான் வருகிறேன் பெரியப்பா.

சித்தப்பா: அப்படியானால் நான் சனிக்கிழமை என்றே வைத்துக்கொள்கிறேன்.

அத்தை: வெள்ளி மாலை வரை எதையும் வைத்துக்கொள்ளாதே தம்பி.

அம்மா: குழந்தைகளிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

மாமா: பரணில் ஏறிப் பார்த்தேன். பை இருக்கிறது. ராடு உள்ளே இருக்கிறது, ரீல் இல்லை.