மாம்பழத்துக்கு மஞ்சள் அடித்தது நான்தான்

செம்பருத்தி:
எல்கேஜி ஒர்க்‌ஷீட் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கம் முழுக்க ஒரு மாம்பழம், அதற்கு மஞ்சள் அடிக்க வேண்டும். என் மகனுக்கு நாலேகால் வயது. கிரையானை உலக்கை மாதிரி முஷ்டியில்தான் பிடிப்பான். தோளிலிருந்து கை முழுசும் ஆடும். மாம்பழம் தாளில் இருக்கும், மஞ்சள் டேபிளில் இருக்கும். "கோட்டுக்குள் அடிக்கப் பழக்கவும்" என்று டயரியில் இரண்டு தடவை சிவப்பு மையில் வந்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணி. அழுத்தி அழுத்தித் தாள் கிழிந்து, பின்னால் செலோடேப் ஒட்டிக் கொடுத்தேன். கிரையானை என் பக்கம் உருட்டிவிட்டு, "கை வலிக்குதும்மா. நீயே அடிச்சிடு, மிஸ்ஸுக்குத் தெரியாது" என்றான். அடித்தேன். மிஸ் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று இரண்டு இடத்தில் வேண்டுமென்றே கோட்டைத் தாண்டியும் அடித்தேன்!

மறுநாள் ஸ்டார் வந்தது. பாட்டுக்கு ஸ்டார் வாங்கினால் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே கையை நீட்டிக் காட்டுவான். இந்தத் தாளைப் பையை விட்டு எடுக்கவே இல்லை. இரண்டு மாதமாக அது என்னை என்னவோ செய்கிறது.

பால்வாடி ஆயா:
மனசைப் போட்டு அலட்டிக்காதேம்மா. நான் அங்கன்வாடியில் இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் மையத்தில் புது கிரையான் பெட்டி பீரோவில் பூட்டித்தான் இருக்கும், பார்வையிட வருகிறவர்களுக்குக் காட்ட. பிள்ளைகளுக்கு டப்பாவில் கிடக்கும் உடைந்த துண்டுகள்தான். ஒரு நாள் அதிகாரி வந்தார் என்று பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு முழுக் கிரையான் கொடுத்தேன். அதுவரை அழகாக மூன்று விரலில் பிடித்த பிள்ளைகளில் பாதிப் பேர் சட்டென்று முஷ்டிக்குப் போய்விட்டார்கள். "பிடிக்கவே இன்னும் சொல்லித் தரலையா?" என்று கேட்டார். எனக்கு முகம் செத்துப் போச்சு.

வீட்டுக்கு வந்து நானே பிடித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. துண்டு முஷ்டிக்குள் நிற்காது. கட்டை விரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து கிள்ளினால்தான் பிடிக்க முடியும். பெட்டியைத் திறந்ததும் உடைத்துப் போடு, ஒரு அங்குலம் போதும்.

குமரி அப்பா:
ஆயா சொன்னது சரி. ஆனால் செம்பருத்தி மேடம், நீங்கள் அடித்துக் கொடுத்தது தப்பு, எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகளுக்கும் இதே பிரச்சினைதான், தெரபிக்குப் போனோம், சரியாகிவிட்டது.

செய்ய வேண்டியது இதுதான். தாளைச் சுவரில் ஒட்டி, நின்றுகொண்டு அடிக்க விடுங்கள். மணிக்கட்டு தானாகப் பின்னால் மடங்கும், தோளுக்கும் வலு. மோதிர விரல், சுண்டு விரல் இரண்டிலும் ஒரு பஞ்சு உருண்டையைப் பொத்தி வைக்கச் சொல்லுங்கள், மற்ற மூன்று விரலும் தனியாக வேலை செய்யும். துணி கிளிப்பைக் கொடியில் மாட்டச் சொல்லுங்கள். சப்பாத்தி மாவு கொடுங்கள், பட்டாணி உரிக்க விடுங்கள். பெரிய படம் கொடுக்காதீர்கள், எலுமிச்சை அளவு வட்டம் போதும். கோடு மெல்லிசாக இருந்தால் தடித்த ஸ்கெட்சில் மேலே ஒரு தடவை போட்டுவிடுங்கள். அப்புறம், பிறக்கும்போது மணிக்கட்டின் எட்டு எலும்பும் வெறும் குருத்தெலும்புதான். எட்டாவது எலும்பு எக்ஸ்ரேயில் தெரியவே 8 முதல் 12 வயதாகும். பொதுவாக 3 வயதில் வட்டம், 4 வயதில் கூட்டல் குறி, 5 வயதில் முக்கோணம் வரும். மூன்று விரல் பிடி நன்றாகப் படிய ஐந்து, ஆறு வயது வரைகூட ஆகலாம். உங்கள் மிஸ்ஸுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

சோத்தாங்கை இல்லை:
குமரி அப்பா சார், எட்டு எலும்புக் கதை சரிதான், ஆனால் செம்பருத்தி செய்தது தப்பு என்று தீர்ப்பு சொல்லும்படி யார் கேட்டார்கள்? ராத்திரி ஒன்பது மணிக்குக் கை வலிக்குது என்று அழும் பிள்ளையிடம் பட்டாணி உரிக்கச் சொல்வீர்களா?

என் கதை சின்னது. மகள் இடது கைக்காரி. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கிரையானை எடுக்கும்போதெல்லாம் பேசாமல் வலது கைக்கு மாற்றிவிடுவார். திட்ட மாட்டார், அடிக்க மாட்டார். ஒரு மத்தியானம் பிள்ளையைக் காணோம் என்று தேடினால், கதவுக்குப் பின்னால் நின்று, சுவரில் இடது கையால் மீன் வரைந்து கலர் அடித்துக்கொண்டிருந்தாள். கோட்டுக்குள்ளேயே. என்னைப் பார்த்ததும் கிரையானை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். சுவருக்கு வெள்ளை அடித்தபோது அந்த மீனை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

குமரி அப்பா:
நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். இடது கைக்காரர்கள் தாளைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து வைக்கணும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

செம்பருத்தி:
ஆயா, நேற்று உடைத்தோம், அவனும் நானும் சேர்ந்து. டப் டப் என்று உடைப்பதில் அவனுக்கு ஏக சந்தோஷம். பச்சைத் துண்டை நீங்கள் சொன்ன மாதிரியே கிள்ளிப் பிடித்து ஒரு இலைக்கு அடித்தான். பாதி வெளியே. நான் ஒன்றும் சொல்லவில்லை. சிவப்பை மட்டும் உடைக்க விட மாட்டேன் என்று தலையணைக்கு அடியில் வைத்துவிட்டான். அதை மட்டும் இன்னும் முஷ்டியில்தான் பிடிக்கிறான்.